தினமும் நாலு மணி நேரம்: சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பீச் வரை

கேள்வி: சென்னையில் வேலை. வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய் வரவே தினமும் மூன்றரை, நாலு மணி நேரம் போய்விடுகிறது. இப்படிப் போய் வருகிறவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

பன்னிரண்டு வருடமாகப் போய் வருகிறேன், அதனால் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். ஆபீஸ் பாரிமுனையில், சரக்குக் கப்பல்களுக்கு கிளியரிங் பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனி. இறங்குவது பக்கத்திலேயே இருக்கிற சென்னை பீச் ரயில் நிலையத்தில். வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் ஃபேக்டரி வேலை, மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். அதனால் வீடு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வாசல் கதவைச் சாத்துவதில் இருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை இரண்டு மணி நேரம். எங்களுக்குச் சனிக்கிழமையும் உண்டு. மாதம் 24 நாள், நாளைக்கு நாலு மணி நேரம் என்றால் 96 மணி நேரம், அதாவது முழுசாக நாலு பகலும் நாலு இரவும் ரயிலிலும் ரோட்டிலும். இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்த அன்று ராத்திரி அழுதேன். நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள்.

முதல் வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு. தினமும் காலையில் எது சீக்கிரம் போகும் என்று பார்ப்பேன். ஒரு நாள் ரயில், ஒரு நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) பஸ் பிடித்துத் தாம்பரம் போய் அங்கிருந்து ரயில் (தாம்பரத்தில் அடிக்கடி வண்டி கிடைக்கும் இல்லையா), இன்னொரு நாள் வீட்டுக்காரர் பைக்கில் கூடுவாஞ்சேரி வரை, அப்புறம் ஷேர் ஆட்டோ. எப்போதாவது ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்து ஒண்ணே முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதே வழியில் மறுநாள் போனால் பெருங்களத்தூரில் வண்டிகள் நகராமல் நின்று இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த ஒரு நல்ல நாளை நம்பி மற்ற நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் தினமும் ஒரு காரணம் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையான காரணம்தான், ஆனால் மூன்றாவது நாள் யாரும் நம்ப மாட்டார்கள். சாயங்காலம் வீட்டில் பெண் குழந்தை, அப்போது இரண்டு வயது, பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பாள். எட்டரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குப் போய் நிற்பேன்.

தூரத்துக்கு உடம்பு ஒரு மாதிரி பழகிவிடுகிறது. இன்றைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று தெரியாமல் இருக்கிறோமே, அதற்கு மட்டும் பழகவே முடியாது. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதற்கப்புறம் நான் மாற்றியதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், சீக்கிரம் போவதற்காக இல்லை.

முதல் வேலையாக ஆபீஸில் போய் நேரத்தை மாற்றிக் கேட்டேன். எல்லாருக்கும் பத்து மணி முதல் ஆறரை. எனக்கு ஒன்பது முதல் ஐந்தரை. கேட்கவே பயமாக இருந்தது, மூன்று வாரம் மனசுக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசியில் முதலாளி "காலையில ஆபீஸைத் திறக்க ஒரு ஆள் வேணும்னு நானே யோசிச்சேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறுகிற வண்டிக்கும் எட்டு மணிக்கு ஏறுகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்த லைனில் போகிறவர்களுக்குத் தெரியும். உங்கள் ஆபீஸில் இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது, ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மற்ற எல்லா யோசனையையும்விட இதில்தான் பலன் அதிகம்.

அடுத்தது, ஒரே வண்டி. வேகமான வழி என்று யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. செங்கல்பட்டில் புறப்படுகிற வண்டி எங்கள் ஊருக்கு வரும்போது பரனூர் ஒன்றுதான் தாண்டியிருக்கும், உட்கார இடம் கிடைக்கும். அதுவே காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கமிருந்து வருகிற வண்டி என்றால் செங்கல்பட்டுக்கு வரும்போதே நிரம்பிவிடும். அதில் ஏறினால் ஒண்ணரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் இறங்கும்போது கொஞ்சம் இடம் வரும், கூடுவாஞ்சேரியில் அது போய்விடும். சாயங்காலம் எனக்கு யோகம், பீச்சில்தான் வண்டியே புறப்படுகிறது. எழும்பூர், மாம்பலம், கிண்டியில் ஏறுகிறவர்கள் பாவம். கோட்டை, பூங்கா ஸ்டேஷன்களில் வேலை முடிகிற சிலர் எதிர்த் திசையில் பீச் வரை வந்து, உட்கார்ந்த இடத்திலேயே திரும்பிப் போவார்கள். பத்து, பதினைந்து நிமிடம் கூட ஆகும், ஆனால் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்து போகலாம். இதைச் செய்வதாக இருந்தால் சீசன் டிக்கெட்டைப் பீச் வரைக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதகரிடம் நியாயம் பேச முடியாது.

சீசன் என்றதும் இன்னொன்று. மூன்று மாதச் சீசன் எடுத்தால் மூன்று மடங்கு ஆகாது, மாதச் சீசனின் 2.7 மடங்குதான். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் மாதாமாதம் முடிகிற தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை போகிறதே, எனக்கு அதுதான் பெரிது. 2025 ஏப்ரலில் இந்த லைனில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். குறைந்த கட்டணமே 35 ரூபாய், கடைசி வரை போனால் 105. சாதாரணச் சீசன் அதில் செல்லாது. காய்ச்சல் அன்று, தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு திரும்பிய அன்று என இரண்டு தடவை போனேன். சொர்க்கம்தான், தினமும் கட்டுப்படியாகாது.

மெட்ரோவில் மாறலாமே என்பார்கள். கிண்டியில் இறங்கி ஏறினால் பாரிமுனைக்குக் குளுகுளு என்று போகலாம், உண்மை. ஆனால் காலையில் கிண்டியில் இறங்கி, படி ஏறி, படி இறங்கி, பையைச் சோதனையில் போட்டு எடுத்து, மறுபடி நின்றுகொண்டு போவதற்கு, கிடைத்த ஜன்னல் சீட்டிலேயே உட்கார்ந்து சைதாப்பேட்டையைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஏறி இறங்குவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி.

உட்கார்ந்து என்ன செய்வது? இதற்குத்தான் எல்லாரும் அறிவுரை சொல்வார்கள், அந்த நேரத்தைப் பயனுள்ளதாக்குங்கள் என்று. நானும் ஹிந்தி கற்றுக்கொள்ளப் பார்த்தேன், டேலி (கணக்கு எழுதுகிற மென்பொருள்) பாடம் வீடியோவில் பார்த்தேன், கந்த சஷ்டி கவசம் மனப்பாடம் செய்தேன் (அது மட்டும் நின்றது). ஆறு மாதத்தில் ஒன்று புரிந்தது, வீட்டிலும் வேலை, ஆபீஸிலும் வேலை, நடுவில் இருக்கிற இந்த ஒரு இடத்தையும் வேலையாக்கிக்கொண்டிருக்கிறேன். விட்டுவிட்டேன். காலையில் கூடுவாஞ்சேரி தாண்டியதும் தூக்கம், பல்லாவரம் வரை. யாராவது எழுப்பிவிடுவார்கள் என்ற தைரியம். சாயங்காலம் பேச்சு.

அந்த யாராவது என்பவர்கள் எங்கள் லேடீஸ் கம்பார்ட்மென்ட் கூட்டம். ஏழெட்டுப் பேர். ஒரு டீச்சரம்மா, ஒரு நர்ஸ், மாம்பலத்தில் துணிக்கடையில் நிற்கிற இரண்டு பெண்கள், பூ கட்டி எடுத்துப் போகிற ஒரு அக்கா, அவர் ஏறும்போது பந்தாக இருக்கிற மல்லி இறங்கும்போது சரமாகியிருக்கும். வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் காலை வணக்கம் படமெல்லாம் போடக் கூடாது என்று டீச்சரம்மா ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செங்கல்பட்டில் ஏறுகிறவர் "வண்டி கிளம்பியாச்சு" என்று போடுவார், தாமதம் என்றால் எத்தனை நிமிடம் என்று போடுவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டுவேன். எந்தச் செயலியும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நீங்கள் ஆணாக இருந்தாலும் இது நடக்கும், ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே கதவு என்று ஒரு மாதம் போனால் தானாக நாலு முகம் பழகிவிடும்.

பெண்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம், யாரும் வெளியில் பேசாத விஷயம். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து காலையில் தண்ணீரே குடிக்காமல் ஏறுவோம். நான் இரண்டு வருடம் அப்படி இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து, மூன்றாவது தடவை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது எழுந்தவுடன் ஐந்தே காலுக்கெல்லாம் வயிறு நிறையக் குடித்துவிடுவேன், கிளம்புவதற்குள் சரியாகிவிடும், ரயிலில் ஒரு வாய் மட்டும், ஆபீஸ் போனதும் மறுபடி முழுசாக. சாயங்காலம் ஆபீஸிலேயே போய்விட்டுத்தான் கிளம்புவது. வழியில் எந்த ஸ்டேஷனில் கட்டணக் கழிப்பறை திறந்திருக்கும், சுமாராகவாவது இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. காலையில் மழையோடு கிளம்பி எப்படியோ வந்துவிட்டேன். சாயங்காலம் ரயில் இல்லை. ராத்திரி அடையாற்றில் தண்ணீர் ஏறி, சைதாப்பேட்டைப் பாலத்தையே மூடிவிட்டார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. எனக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறு. போன் வேலை செய்யவில்லை. கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீடு ராயபுரத்தில், அங்கே இரண்டு ராத்திரி அவள் மாமியாரின் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வயதுப் பிள்ளை சாப்பிட்டாளா என்று தெரியாது. மூன்றாவது நாள் வீட்டுக்காரர் யாருடைய போனில் இருந்தோ கூப்பிட்டு "எல்லாம் நல்லா இருக்கோம், நீ அவசரப்பட்டு வராதே" என்றார்.

அதிலிருந்து ஆபீஸ் அலமாரியில் எனக்கு ஒரு பை இருக்கும். ஒரு செட் துணி, ஒரு போர்வை, பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், ஐந்நூறு ரூபாய். நகரத்துக்குள் ராத்திரி தங்க ஒரு வீடு, கேட்காமலே போய் நிற்கக் கூடிய ஒரு வீடு, கட்டாயம் வேண்டும். குழந்தை பக்கம் இரண்டு பேர், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். பத்து வருடத்தில் அந்தப் பையை நாலு தடவைதான் எடுத்திருப்பேன். ஆனால் வானம் இருட்டும்போது வயிற்றில் ஏதோ செய்யுமே, அது நின்றுவிட்டது.

படிக்கட்டில் தொங்காதீர்கள். 2018 ஜூலையில் பரங்கிமலையில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கச் சுவரில் அடிபட்டு இறந்தார்கள். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை. அந்த வண்டி போனால் அடுத்த வண்டி வரும்.

நீண்ட விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் மட்டும் நான் என் வண்டியை மாற்றுவேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததில் இருந்து, ஊருக்குப் போகிற கூட்டம் பெட்டி படுக்கையோடு வண்டலூர் வரை எங்களோடுதான் வருகிறது. அன்றைக்கு மட்டும் மத்தியானமே அனுமதி கேட்டுக் கிளம்பிவிடுவேன்.

என் அப்பா இதே லைனில் பல வருடம் பல்லாவரத்தில் இருந்து கோட்டைக்குப் போனவர், மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தில். 1931-லேயே இங்கே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, மீட்டர் கேஜில் 2004 வரை ஓடியது. அப்பா அதை யூனிட் என்றுதான் சொல்வார். "அந்த யூனிட்ல நாங்க எல்லாம் போகலியா" என்று ஆரம்பிப்பார். பல்லாவரத்தில் இருந்து போனவருக்கு முக்கால் மணி நேரம்கூட இருக்காது, நான் வாயைத் திறப்பதில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், இது தனியாகச் சமாளிக்கிற விஷயம் இல்லை. காலைச் சமையல் அவர் (ராத்திரி ஷிப்ட் வாரம் தவிர), எனக்கு டிபன் டப்பா கட்டுவதும் அவர்தான். சாயங்காலம் நான் உள்ளே வந்து முதல் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, கையெழுத்து, கரண்ட் பில், பக்கத்து வீட்டுச் சண்டை எதுவுமே. முகம் கழுவி, டீ குடித்து, சும்மா உட்காருவேன். இதற்காக ஒரு தடவை பெரிய சண்டையே போட்டுத்தான் வாங்கினேன். நடுவில் தாம்பரம் பக்கம் வீடு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். வாடகை ஆறாயிரம் கூட வந்தது, எனக்கு நாளைக்கு ஒண்ணேகால் மணி நேரம் மிச்சம், அவருக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் அரைத் தூக்கத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு காரணம் இல்லை என்றால், இவ்வளவையும் படித்துவிட்டு என்னைப் போல் சமாளிக்காதீர்கள், வீட்டை மாற்றுங்கள்.

சரி, தாம்பரம் வந்துவிட்டது, இங்கே பாதிக் கூட்டம் இறங்கும். டீச்சரம்மா கொய்யாக்காய் வாங்கி வைத்திருக்கிறார், என் பங்கு போய்விடும்.