நடந்து போய்ப் பறவை எடுப்பவருக்கு எந்த டெலிஃபோட்டோ லென்ஸ்?

வாசகர் ஒருவர் ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறியது) உள்ள மிரர்லெஸ் கேமராவும் ஒரு 70-300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறார். காலை நேரத்தில் நடந்தே போய்ப் பறவைகளை எடுக்கிறார், வருடத்துக்கு ஓரிரு முறை சஃபாரி வண்டியில் காட்டுக்குள் போகிறார். எந்தப் படத்தைத் திறந்தாலும் பறவை ஒரு பொட்டு மாதிரி இருக்கிறதாம். 150-600 வாங்கட்டுமா, 100-400 போதுமா, இல்லை இருக்கிற லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில், பிம்பத்தைப் பெரிதாக்கும் ஒரு டெலிகன்வெர்ட்டரை மாட்டிச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

டெலிகன்வெர்ட்டரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். சாதாரண 70-300 லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் அது மாட்டவே மாட்டாது. மாட்டினாலும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் (அதாவது பாதியை), 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் (முக்கால் பங்கை) தின்றுவிடும், லென்ஸில் இருக்கும் குறைகளும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். 300 எஃப்/2.8, 500 எஃப்/4 மாதிரி வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உண்மையிலேயே உதவும்.

மீதி இரண்டில், உங்களுக்கு 100-400 என்பதுதான் என் பதில். கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ‘நடந்தே’ என்ற சொல்லை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லென்ஸின் மி.மீ. அளவைப் பறவையின் நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கும். அது 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் 300 மி.மீ. லென்ஸில் 4.5 மி.மீ. அளவுக்கு விழும், 400-ல் 6 மி.மீ., 600-ல் 9 மி.மீ. உங்கள் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. அதாவது 300-ல் பறவை சட்டத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது, 400-ல் கால் பங்கு, 600-ல் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சரி, இப்போது அதே 300 லென்ஸோடு 5 மீட்டர் வரை நெருங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிம்பம் அதே 9 மி.மீ. தூரம் பாதியானதற்கும் 600 மி.மீ. லென்ஸ் வாங்கியதற்கும் பறவையின் அளவில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இடையில் ஒரு விஷயம். ஏபிஎஸ்-சி கேமராவில் 400 என்பது 600 ஆகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். பிம்பம் பெரிதாவதில்லை, சென்சார் சிறியது என்பதால் சுற்றியிருப்பது வெட்டப்படுகிறது, அவ்வளவுதான். உங்கள் கேமராவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதும் அதுதான், அதனால் லென்ஸ் கணக்கில் அதை இன்னொரு முறை சேர்க்காதீர்கள்.

நெருங்குவது என்றதும் பறவையைத் துரத்துவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளக்கரையில் ஈர மண்ணில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, லென்ஸை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் நாற்பது நிமிடம் இருந்து பாருங்கள். முதல் கால் மணி நேரம் ஒன்றும் வராது. அப்புறம் தவளைச் சத்தம் திரும்பும், தட்டான் ஒன்று லென்ஸ் முனையிலுள்ள ஹூட்டின் விளிம்பில் வந்து உட்காரும். நான் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் மீன்கொத்தி ஒன்று எனக்கு ஆறேழு மீட்டர் தள்ளி நீரில் சாய்ந்து நின்ற குச்சியில் வந்து இறங்கி, பிடித்த மீனைக் குச்சியில் நாலு முறை அடித்துவிட்டு விழுங்கியது. 400 மி.மீ.யில் அதன் அலகில் ஒட்டியிருந்த செதில்கூடத் தெரிந்தது. நின்றபடியே இன்னும் நீளமான லென்ஸில் எடுத்திருந்தால் பறவை வேண்டுமானால் பெரிதாக இருந்திருக்கும், அதன் கண் மட்டத்தில் கிடைக்கும் அந்தப் பார்வை கிடைத்திருக்காது. ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இப்படிப் போகவே கூடாது. மற்ற இடங்களிலும், பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறதென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் ஓரடி பின்வாங்குங்கள்.

எடைதான் என் பதிலுக்குப் பெரிய காரணம். சிக்மாவின் 150-600 கன்டெம்பரரி சுமார் 1.9 கிலோ, சோனி 200-600 சுமார் 2.1 கிலோ. 100-400 வகையில் கேனான் ஆர்எஃப் 635 கிராம்தான், மற்றவை பெரும்பாலும் 1.1-லிருந்து 1.4 கிலோவுக்குள் இருக்கும். தாளில் பார்த்தால் ஒரு கிலோதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் இரண்டு மணி நேரம் நடந்த பிறகு கை தானாகவே லென்ஸை இடுப்புக்கு இறக்கிவிடும், புதருக்குள்ளிருந்து பறவை வெளியே வந்து உட்காரும் அந்த இரண்டு விநாடியில் நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டிருப்பீர்கள், கண்ணில் வைக்கும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இப்படி நான் தவறவிட்டவை நிறைய.

அடுத்தது வெளிச்சம். விலங்கும் பறவையும் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்ததும் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம். எஃப்/4-ல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு, கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 1600 போதும் என்கிற இடத்தில் எஃப்/6.3-க்கு 4000 வேண்டும், எஃப்/8-க்கு 6400. எடை குறைந்த 100-400 லென்ஸ்களுக்கு நாம் கொடுக்கும் விலை இங்கேதான் இருக்கிறது, சொன்னேனே அந்த 635 கிராம் கேனான், அது 400-ல் எஃப்/8. அதனால் உங்கள் கேமராவின் மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) கிடைப்பவற்றில் 400 முனையில் எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 தருவது எது என்று முதலில் பாருங்கள், கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை. ஸ்டெபிலைசேஷன் இதை ஈடுகட்டும் என்று நம்ப வேண்டாம், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை தலையைத் திருப்புவதை அடக்காது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கே ஷட்டர் வேகத்தை 1/500 விநாடி வைத்துக்கொள்வது நல்லது, பறப்பதற்கு 1/2000.

சஃபாரிக்கு 600 இல்லாமல் முடியாது என்று நினைக்கிறீர்களா? மூன்று மீட்டர் உயர யானை வண்டியிலிருந்து 20 மீட்டரில் நின்றால், 200 மி.மீ.யில் அதன் பிம்பம் 30 மி.மீ. உயரம் வரும். உங்கள் சென்சாரின் உயரம் 15.6 மி.மீ.தான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் யானை அடங்காது. 200-ல் தொடங்கும் லென்ஸ் இருந்தால் யானையின் கண்ணும் காதும்தான் கிடைக்கும், 150-லும் கிடைமட்டமாக வைத்தால் அடங்காது. 100-ல் சட்டத்துக்குள் மட்டுமட்டாக வந்துவிடும். வண்டியில் ட்ரைபாட் விரிக்க இடம் இருக்காது, ஒரு பீன்பேக்கைக் கம்பி மேல் போட்டு அதில் லென்ஸைக் கிடத்துங்கள், எடுக்கும்போது இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

150-600 யாருக்கு என்றால், ஒரே இடத்தில் மறைவிடம் போட்டு உட்கார்பவர்களுக்கு, ஏரி நடுவில் இருக்கும் நீர்ப்பறவைகள் மாதிரி நெருங்கவே வழியில்லாதவற்றை எடுப்பவர்களுக்கு, மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் ஸ்டாண்டைச் சுமக்கத் தயங்காதவர்களுக்கு. அங்கே அது அருமையான லென்ஸ். ஆனால் வெயில் ஏறிய பிறகு வெட்டவெளியிலோ நீர்ப்பரப்பின் மேலோ தூரத்துப் பறவையை அதில் எடுத்தால் இறகெல்லாம் குழைந்த மாதிரி வரும். தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் அலைதான் காரணம், எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது. இது தெரியாமல் லென்ஸில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். 300-ல் எடுத்த உங்கள் பழைய பறவைப் படங்களில் நூறை எடுத்து, சட்டத்தின் அகலத்தில் பறவை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் 400-ல் உங்கள் குறை கணிசமாகத் தீரும். இருபதில் ஒரு பங்குதான் என்றால் 600 வாங்கினாலும் பத்தில் ஒரு பங்குதான் ஆகும், அங்கே மாற்ற வேண்டியது தூரம்.

அப்புறம் லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். 400 முனையில், அபெர்ச்சரை முழுதாகத் திறந்து (எஃப் எண்ணை ஆகக் குறைவாக வைத்து), பத்து மீட்டருக்குள் இருக்கும் பறவையின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்து, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி இமை ஓரத்துச் சிறு இறகுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்கத்துக் கிளையிலிருந்து தூரத்து மரத்துக்கு ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் தாவுகிறது என்பதையும் பாருங்கள், ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டும் ஒரு முறை. பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.