மூன்று பாட்டில் போதும்

கேள்வி: ஓணத்துக்கு மச்சான் துபாயிலிருந்து வருகிறார். வீட்டிலேயே பினா கொலாடா, மாய் தாய் என்ற ரம் காக்டெய்ல்களைக் கலக்கலாம் என்று திட்டம். எந்த ரம் எதற்கு? நீல லிக்யூர் (இனிப்பு மது), தேங்காய் ரம் எல்லாம் வாங்க வேண்டுமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு ஒயிட் ரம், ஒரு டார்க் ரம், ஒரு ஆரஞ்சு லிக்யூர். காசை இதில் இறக்குங்கள். மற்றதெல்லாம் உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

நம்மூர் டார்க் ரம்மில் கருக்கிய சர்க்கரை வாசம்தான் முன்னால் நிற்கும். ஓல்ட் மங்க்கில் வெனிலாவும் சேரும். கோலாவுக்கு அது ஜோர்; அன்னாசியோடு தனியாக ஊற்றினால் பழத்தை அமுக்கிவிடும். 1944இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் டிரேடர் விக் என்ற மதுக்கூடக்காரர் மாய் தாய் கலந்தது 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம்மில். நீண்ட நாள் நொதிக்கவிட்டுக் காய்ச்சுவதால் ஜமைக்கா ரம்மில் கனிந்த பழ வாசம் ஏறும். நம்மூர்ச் சரக்கில் அதைத் தேடிப் பயனில்லை. அதனால் மாய் தாய்க்கு ஒயிட் 30 மில்லி, டார்க் 30 மில்லி என்று பாதிக்குப் பாதி போடுங்கள். எலுமிச்சைச் சாறு 25, ஆரஞ்சு லிக்யூர் 15, பாதாம் சிரப் 15. ஐஸோடு மூடி இறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் குலுக்கினால் போதும், ஷேக்கர் எதற்கு?

ஆரஞ்சு லிக்யூரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குவான்ட்ரோ என்ற பிராண்டு ஆரஞ்சு லிக்யூரில் ஆல்கஹால் 40 சதவீதம், தோலின் கசப்பும் தெரியும். டிரிபிள் செக் என்று விற்கும் மலிவான ஆரஞ்சு லிக்யூர் பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர். அதுதான் கிடைக்கிறதென்றால் சிரப்பைக் குறையுங்கள். நீங்கள் கேட்ட நீல லிக்யூரான நீலக் குராசோவும் இதே ஆரஞ்சுத் தோல் சரக்குதான், சாயம் மட்டும் கூடுதல்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் 2 லிட்டர் மது வரியின்றிக் கொண்டுவரலாம். குவான்ட்ரோ ஒன்று, ஆப்பிள்டன் மாதிரி ஜமைக்கா ரம் ஒன்று கேளுங்கள். நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள், பில்லும் கையில் இருக்கட்டும். கோவையில் இறங்கி, மாநில எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக பாட்டிலோடு வருவது வீண் வம்பு.

தேங்காய் ரம்? கேரளத்தில் இருந்துகொண்டு தேங்காயைப் பாட்டிலில் வாங்க எனக்கு மனசு ஒப்பவில்லை. கெட்டியான முதல் பாலில் சம எடை சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, இளம் சூட்டில் கரைத்து இறக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும். அதில் 45 மில்லி, ஒயிட் ரம் 60, அன்னாசிச் சாறு 90, கை நிறைய ஐஸ், மிக்ஸியில் ஒரு சுற்று: பினா கொலாடா தயார். வாழக்குளம் அன்னாசி கிடைத்தால் சர்க்கரையை இன்னும் குறைக்கலாம். தேங்காய்ப் பால் மறுநாளைக்குத் தாங்காது, அன்றன்றைக்குப் பிழியுங்கள்.

திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று பெவ்கோ (கேரள அரசு மதுக்கடை) வரிசை ரோடு வரை நீளும், ஒன்றாம் தேதி கடையே கிடையாது. ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். கேரளத்தில் மது அருந்தும் வயதான 23 ஆகாத தம்பிமாருக்கு ரம் இல்லாத கொலாடாவைத் தனியாக அடித்துக் கொடுங்கள்.