கோன் செல் வியாதிக்கு மருந்தே இல்லங்கிறாங்க, அப்புறம் எதுக்கு இத்தனை ஸ்கேன்?

தங்கச்சி பையனுக்கு கோன் டிஸ்ட்ரோபி, அதாவது பகல் வெளிச்சத்துல கலரையும் நுணுக்கத்தையும் பாக்கிற கோன் செல் கெட்டுப்போற வியாதின்னு சொல்லிட்டாங்க, கண்ணாடியும் உதவல, மருந்தும் கிடையாதுங்கிறாங்க, அப்புறம் எதுக்கு ஸ்கேன் மேல ஸ்கேன்னு கேட்டிருக்கீங்க. எடுங்கண்ணே. வேற செலவை தள்ளிப் போட்டாலும் இதை தள்ளாதீங்க.

நாங்க ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கோம், என் தம்பிக்கு ஸ்டார்கார்ட், அதுவும் பரம்பரையா வர்றதுதான், நடுப்பார்வையில இருக்கிற கோன் செல்லைத்தான் காலி பண்ணும். மத்தியான வெயில்ல ஒய்பிஎஸ் பஸ் முன்னாடி வந்து நின்னாலும் நம்பர் தெரியாம தலையை சாய்ச்சு ஓரக்கண்ணால பாப்பான், ஆனா ராத்திரி கரண்ட் போச்சுன்னா மாடிப்படியில தடுமாறாம இறங்கிடுவான், ஏன்னா இருட்டுக்கு வேலை செய்யிற ராட் செல் நல்லா இருக்கு. முதல்ல பாத்த இடத்துல பவர் பிரச்சினைன்னு கண்ணாடியை மாத்திக்கிட்டே இருந்தாங்க, படிக்க சோம்பேறின்னு வேற சொன்னாங்க, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல. ஆரம்ப கட்டத்துல சாதாரண கண் போட்டோவுல ஒண்ணுமே தெரியாம போறது உண்டு.

ஓசிடி எடுத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. விழித்திரையை குறுக்கு வெட்டா காட்டும், அதுல எலிப்சாய்ட் ஸோன்னு ஒரு வெள்ளைக் கோடு வரும், கோன், ராட் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா நெருக்கமா இருக்கிற இடம் அது. டாக்டரம்மா ஸ்க்ரீன்ல விரல் வச்சு காட்டினாங்க, ரெண்டு பக்கமும் கோடு பளிச்சுன்னு ஓடுது, நட்ட நடுவுல மட்டும் அறுந்து கிடக்கு. ஆட்டோஃப்ளோரசன்ஸ்னு இன்னொண்ணு, கையில ஊசி போட்டு சாயம் எதுவும் ஏத்தாம நீல வெளிச்சத்துல எடுப்பாங்க, லிப்போஃபுசின்ங்கிற கழிவு சேர்ந்த இடம் ஒளிரும், செல் அழிஞ்ச இடம் கறுப்பா இருக்கும். அந்தக் கறுப்பு எவ்வளவு வேகமா பரவுதுன்னு பாக்க ஆரம்பத்துல எடுத்த படம் கையில இருக்கணும், அதுக்குத்தான் இப்பவே எடுக்கச் சொல்றேன். முடிஞ்சவரைக்கும் அதே மெஷின்லயே எடுங்க, பிரிண்ட்டோட விடாம ஃபைலையும் பென்டிரைவ்ல கேட்டு வாங்கிடுங்க.

இதுக்கும் மேல அடாப்டிவ் ஆப்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் ஆராய்ச்சி நடக்கிற இடத்துலதான். நட்சத்திரம் பாக்கிற டெலஸ்கோப்புல காத்தோட அலைச்சலை சரிபண்ண வளையிற முகம் பாக்கிற மாதிரி கண்ணாடி வைப்பாங்கல்ல, அதே வித்தையை கண்ணுக்கு கொண்டுவந்து 1997ல ரோச்செஸ்டர் யுனிவர்சிட்டில உயிரோட இருக்கிற மனுஷன் கண்ணுல கோன் செல்லை ஒவ்வொண்ணா படம் புடிச்சாங்க. நல்ல கோன் வெள்ளைப் புள்ளியா தெரியும். ஆனா படத்துல தெரியலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல! வெளிப்பகுதி சிதைஞ்சா வெளிச்சத்தை திருப்பி அனுப்பாது, உள்பகுதி அங்கேயே இருக்கலாம், ஸ்ப்ளிட் டிடெக்‌ஷன்னு வேற முறையில பாத்தா அது தெரியுது, பிறவியிலேயே கலர் தெரியாத அக்ரோமடாப்சியா ஆளுங்க கண்ணுலயும் அப்படி பாத்திருக்காங்க. கெட்டுப்போன ஜீனுக்குப் பதிலா நல்ல ஜீனை செல்லுக்குள்ள அனுப்புற ஜீன் தெரப்பிக்கு உயிரோட செல் இருந்தாத்தான் பலன், அதனால எது போச்சு எது இருக்குன்னு பிரிச்சு தெரிஞ்சுக்கிறது பெரிய விஷயம். 2017ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச ஜீன் தெரப்பி ஊசி ஆர்பிஇ65 ஜீன் கோளாறுக்கு மட்டும்தான், உங்க பையனுக்கு எந்த ஜீன்னு டெஸ்ட் பண்ணாம யார் நம்பிக்கை கொடுத்தாலும் பணம் கட்டிடாதீங்க.

ஜீன் ரிசல்ட்ல ஸ்டார்கார்ட்டுக்கு பெரும்பாலும் காரணமான ஏபிசிஏ4 ஜீன்னு வந்தா வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களா வாங்கி கொடுக்காதீங்க, அந்த லிப்போஃபுசின் கழிவு இன்னும் கூடலாம்னு டாக்டருங்க வேணாம்பாங்க. தங்கச்சி சொந்தத்துல கட்டினதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற வகையா இருந்தா கூடப் பொறந்த ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, பையனோட தங்கச்சி சின்னவளையும் ஒரு ஓசிடிக்கு கூட்டிட்டுப் போங்க.