மெனுவில் மட்டும் கீச் சத்தமா? ஃபேனைக் கழற்ற வேண்டாம்
லேப்டாப் கேம் மெனுவில் நிற்கும்போது கீச்சென்று கத்துகிறது, விளையாட ஆரம்பித்தால் குறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் இது பெரும்பாலும் காயில் வைன். ஜிபியூவுக்கு (திரையில் படம் வரையும் சிப்) மின்சாரம் தரும் சின்னச் சின்னக் காயில்கள், கரண்ட் வேகமாக ஏறி இறங்கும்போது அதிர்வதால் வரும் சத்தம். மெனுவில் வரைய அதிகமாக ஒன்றும் இல்லாததால் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரையும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை, நூற்றுக்கணக்கில் எகிறும், அதனால்தான் அங்கே மோசம். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60 என்று வைத்துப் பாருங்கள். சத்தம் அந்த நொடியே மாறினால் சந்தேகமே வேண்டாம், காயில் வைன்தான்; ஃபேன் சத்தம் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். அப்புறம், அடாப்டர் பக்கமும் கொஞ்சம் காது கொடுங்கள், சில சமயம் கத்துவது அதுவாக இருக்கும். காயில் வைன் காதுக்குத்தான் தொல்லை, போர்டுக்கு ஒன்றும் ஆகாது. படபடவென்று பொரிகிற சத்தமோ கருகல் வாடையோ வந்தால் மட்டும் உடனே ஆஃப் செய்து சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.