உண்டியல் குலுக்கும் வேலையா?

போன வாரம் மகளின் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்க வந்து, என் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "பி.காம். முடிச்ச பொண்ணு ஊர் ஊராப் போய் உண்டியல் குலுக்கணுமாங்க மேடம்?" மனித உரிமைப் பணிக்கு நிதி திரட்டும் வேலைக்குப் போக ஆசைப்படும் உங்கள் மகள், பக்கத்தில் செல்போன் உறையைச் சுரண்டியபடி தலை குனிந்திருந்தாள். அன்று வெளியே நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதனால் எழுதுகிறேன். இதே கவலையில் இருக்கும் மற்ற வீட்டாருக்கும் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹெச்.ஆர். என்று மகள் சொன்னதும் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை என்று நினைத்து உங்கள் தம்பி சந்தோஷப்பட்டதாகச் சொன்னீர்கள். அது மனிதவளம். அவள் சொல்வது மனித உரிமை. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுநிலைப் படிப்பில் இரண்டு பக்கமும் போக வழி உண்டு. வகுப்பில் நிறையப் பேர் முதல் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். இவள் இரண்டாவதைக் கேட்கிறாள். அதிலும் அதற்குப் பணம் திரட்டும் வேலையைக் கேட்கிறாள்.

சரி, உண்டியலுக்கு வருவோம். உங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் பல வருடமாக நீங்கள்தான் பொருளாளர் என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறீர்கள். கொடுக்க முடியாத வீட்டுக்குப் பாதி, விதவை வீட்டுக்குத் தள்ளுபடி. வெளியூர் போனவர்களுக்கு போன். பண்டிகை முடிந்ததும் வரவு செலவைத் தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுகிறீர்கள். அண்ணா, சமூக நிதி திரட்டல் என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லையே. இங்கே சாமிக்குப் பதில் ஒரு குழந்தையின் பள்ளிப் படிப்போ, கொத்தடிமையிலிருந்து மீண்ட குடும்பத்தின் வழக்கோ இருக்கும், அவ்வளவுதான்.

மால் வாசலில் தொண்டு நிறுவன அட்டை மாட்டிக்கொண்டு, மாதம் இத்தனை நன்கொடையாளரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று ஓடும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறீர்கள் என்றால், அது வேறு. அந்த வேலையை இவளுக்கு நானும் சொல்லமாட்டேன்.

இதில் நிதி கொடுக்கும் அறக்கட்டளைகள் எங்கே வருகின்றன? உங்கள் வெள்ளிப் பட்டறைக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு ஜோடி கொலுசில் வெள்ளி இருக்கிறது, கூலி இருக்கிறது, சேதாரம் இருக்கிறது. வாங்க வருகிறவர் வெள்ளிக்கு மறுபேச்சில்லாமல் கொடுப்பார். கூலி, சேதாரம் என்றதும் முகம் சுளிப்பார். கூலி இல்லாமல் வெள்ளி தானாகக் கொலுசாகுமா? நிதி கொடுப்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பள்ளிக்குக் கழிப்பறை, மருத்துவ முகாம், தையல் மிஷின் என்றால் கை நீளும். அதைச் செய்யும் களப்பணியாளரின் சம்பளம், கணக்காளர், அலுவலக வாடகை என்றால் சுருங்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் அதே திருத்தம் தடுத்தது. டெல்லியிலும் சென்னையிலும் இருந்த பெரிய அமைப்புகள் வழியாகச் சின்ன ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது.

இன்னொரு பக்கம் உள்நாட்டுப் பணம். 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதனால் வேலைகள் பெருகியிருக்கின்றன, உண்மை. ஆனால் நிறுவனங்கள் வம்பில்லாத வேலையாகப் பார்த்துத்தான் கொடுக்கும். கூலி தராத முதலாளி மேல் வழக்கு, வன உரிமைப் பட்டா என்றால் ஒதுங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுவனங்களைச் சாராமல் தனித்து நிற்கும் அறக்கட்டளைகள்தான் கொஞ்சமாவது துணிந்து பணம் கொடுக்கின்றன: சட்ட உதவிக்கு, உண்மை அறியும் குழுவுக்கு, கிராமத்துப் பெண்களுக்குச் சட்டப் பயிற்சிக்கு.

அதுவும் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு. வழக்கு மூன்று வருடத்தில் முடியுமா? நம் பக்கத்து தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் அந்த மலைவாழ் மக்கள் மேல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்குத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். அத்தனை வருடமும் மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்றது. சாட்சி சொல்கிறவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். எந்த மூன்று வருடத் திட்டத்திலும் இந்தச் செலவு அடங்காது.

இதனால்தான் விவரம் தெரிந்த அறக்கட்டளைகள் இப்போது வேறு மாதிரி யோசிக்கின்றன. 'நீங்கள் ஊரில் ஒரு ரூபாய் திரட்டுங்கள், நாங்கள் ஒரு ரூபாய் போடுகிறோம்' என்பது ஒரு வழி. திரட்டுவது எப்படி, ரசீது போடுவது எப்படி, நன்கொடையாளருக்கு வருடக் கடைசியில் என்ன எழுதி அனுப்புவது என்று பயிற்சி கொடுப்பது இன்னொரு வழி. அறக்கட்டளை போன பிறகும் வேலை நிற்காமல் இருக்க ஊர்ப்பணம் வேண்டும். கொடுத்த ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிடும். உங்கள் கோயில் கணக்கைச் சுவரில் ஒட்டாமல் விட்டுப் பாருங்கள், தெரியும்.

உங்கள் மகளின் பி.காம். வீணாகும் என்றீர்களே, நான் நேர் எதிராகச் சொல்வேன். மனசு இருப்பவர்கள் இந்தத் துறையில் நிறைய. கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் வன உரிமை மனு வேலை பார்த்த ஒரு பெண்ணோடு ஒருநாள் இருந்தேன். காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. மனு முதலில் கிராம சபைக்குப் போக வேண்டும். பகலெல்லாம் வீடு வீடாக ஏறி ரேஷன் கார்டு, சாதிச் சான்று நகல் வாங்கினாள். சாயங்காலம் அடிவாரம் வந்ததும் முதல் வேலையாக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அன்றைய பஸ் டிக்கெட்டுகளை நகல் எடுத்தாள். மிஷின் டிக்கெட்டில் எழுத்து ஒரு மாதத்தில் மங்கிவிடுமாம், தணிக்கையில் வெறும் தாள்தான் மிஞ்சுமாம். ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் ஒட்டி, தேதி, எங்கிருந்து எங்கே, எதற்கு என்று எழுதினாள். அந்தத் தாள் ஒழுங்காக இருந்தால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். உங்கள் மகளுக்கு இது கைவந்த கலையாக இருக்கும்.

படிப்புக்கு: எந்தப் பட்டம் முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். சென்னையில் 1952 முதல் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் ஒன்று. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு மத்திய அரசின் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1936-ல் அதைத் தொடங்கியதே ஒரு டாடா அறக்கட்டளைதான். மூன்று வருடச் சட்டப்படிப்பும் நல்ல வழி, ஆனால் இப்போதே அவசரமில்லை. அதற்கு முன்னால், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இங்கே தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கோர்ட் வராந்தாவில் ஆறு மாதம் நின்றால், இந்த ஆசை நிஜமா, கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் வந்த சூடா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

சம்பளம் பற்றி ஒளிக்கமாட்டேன். ஆரம்பத்தில் தனியார் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாதிரிதான். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பையன் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குப் போனான். எட்டாவது மாதம் திட்டம் முடிந்தது, சம்பளமும் முடிந்தது. சேரும்போது எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேள் என்று நானும் சொல்லவில்லை. இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். நிதி யாருடையது, எப்போது முடிகிறது, பி.எஃப். உண்டா, வருமான வரி விலக்குக்கான பதிவு (12ஏ, 80ஜி என்பார்கள்) நடப்பில் இருக்கிறதா, வருடக் கணக்கை வெளியிடுகிறார்களா. இதைக் கேட்டால் கோபப்படும் இடத்துக்குப் போகவே வேண்டாம். பயிற்சிக் கட்டணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

வரன் பார்க்கும்போது என்ன வேலை என்று சொல்வது என்று உங்கள் மனைவி கேட்டாராம். அதற்கு என்னிடம் மருந்தில்லை. அறக்கட்டளையில் திட்ட அலுவலர் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வாருங்கள், கூட்டம் இருக்காது. அவளையும் கூட்டி வாருங்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் நீங்கள் கீழே டீக்கடையில் இருங்கள். போன முறை நீங்கள் ஒருவர்தான் பேசினீர்கள்.