கறுப்பு வயர் எங்கே போகிறது?

வணக்கம் ஐயா,

எல்எம்386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி வைத்து முதன்முதலாக ஒரு ஆம்ப்ளிஃபயரை பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் உதிரிகளைச் செருகும் ஓட்டைப் பலகை) கட்டினேன். 9 வோல்ட் பேட்டரி, 8 ஓம் ஸ்பீக்கர். மொபைலில் இருந்து பாட்டு வந்தது. சத்தம் போதவில்லை என்று 1, 8 கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன். அதிலிருந்து வீலென்று தானாகவே கத்துகிறது. ஐசியை மாற்றியும் அதேதான். டூப்ளிகேட் ஐசியா? பேசாமல் இதைவிடப் பெரிய டிடிஏ2030 ஐசிக்குப் போய்விடலாமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

‘பாட்டு வந்தது’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்களே! நீங்களே செருகிய நாலைந்து உதிரிகள் வழியாக ஒரு குரல் வருவது சாதாரண விஷயமா?

ஐசியில் குறை இல்லை. பாட்டு வந்ததே சாட்சி. மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை, வெளியீடு வரும் 5-ஆம் காலில் வைத்துப் பார்த்தீர்களா? 9 வோல்ட் கொடுத்தால் அங்கே ஏறக்குறைய 4.5 நிற்க வேண்டும். அளக்காமல் ஐசி மாற்றுவது வைத்தியமில்லை, வேண்டுதல்.

எனக்குக் கொஞ்ச நாளாகவே சர்க்யூட் படங்களோடுதான் சண்டை. கிரவுண்டு குறியை, அதாவது பேட்டரி மைனஸுக்குப் போகும் கறுப்பு வயரின் குறியை, ஆறு இடத்தில் போட்டுவிடுகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர் ஆறும் ஒரே இடம் என்று நம்பி, கைக்கு அகப்பட்ட ஓட்டையில் கறுப்பு வயரைச் செருகுகிறார். வயருக்கும் பிரெட்போர்டு கிளிப்புக்கும் மின்தடை உண்டு தம்பி!

கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரில் 200 மில்லிஆம்பியர் ஓடுகிறது. 8 ஓமுக்கு 1.6 வோல்ட். அது திரும்பும் வழியில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலும் அங்கே 10 மில்லிவோல்ட் விழும். மொபைலின் கிரவுண்டும் அதே வயரில் தொங்கினால் அந்த 10 மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்து உள்ளே போகும். 1, 8 கால்கள் சும்மா இருந்தால் ஐசி 20 மடங்கு பெருக்கும், 0.2 வோல்ட், அடங்கிவிடும். உங்கள் 10 மைக்ரோவைப் போட்டால் 200 மடங்கு, 2 வோல்ட். ஸ்பீக்கரில் கிளம்பியதோ 1.6! திசையும் ஒத்துப்போய்விட்டால் பாட்டே இல்லாமல் கத்தும். எத்தனை ஐசி மாற்றினாலும் கத்தும்.

எனக்கு சால்டரிங் பழக்கியவர் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். பெட்டியைத் திறந்ததும் கறுப்பு வயர்களைத்தான் முதலில் தொடுவார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே போய், அது எங்கே முடிகிறதென்று பார்ப்பார். பிறகு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி பேட்டரி மைனஸிலேயே பற்றவைப்பார். பல நேரம் அதோடு கத்தல் நின்றுவிடும். காரணம் கேட்டால், “பெரியவன் போற வழி வேற, சின்னவன் போற வழி வேற” என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் தனி வயரில் நேராக பேட்டரிக்குப் போகட்டும். மொபைல் கிரவுண்டையும் ஐசியின் 4-ஆம் காலையும் பக்கத்திலேயே சேர்த்து, அங்கிருந்து ஒரே வயர் பேட்டரிக்கு. அப்புறம் பேட்டரி ப்ளஸ் வரும் 6-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவே, ஐசியை ஒட்டி, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

அந்த 10 மைக்ரோவைக் கழற்றிவிடுங்கள். மொபைல் அரை வோல்ட் கொடுத்தாலே 20 மடங்கு 10 வோல்ட் ஆகிறது, உங்கள் பேட்டரியோ 9! சத்தம் போதாவிட்டால் ஸ்பீக்கரை ஒரு பெட்டிக்குள் பொருத்திப் பாருங்கள்.

டிடிஏ2030-ஆ? அதில் ஆம்பியர் கணக்கில் ஓடும். இதே வயரிங்கோடு அங்கே போகாதீர்கள்.

மாற்றிவிட்டு போர்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள், கறுப்பு வயர்கள் தெரிகிற மாதிரி. சர்க்யூட் படம் வேண்டாம், என்னிடம் இருக்கிறது.