வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோயா?
வாசகர் கேள்வி – பதில்

கே: வயது 38. முகாமில் கர்ப்பப்பை வாயில் ஏதோ திரவம் தடவிப் பார்த்தார்கள். ‘வி.ஐ.ஏ. பாசிட்டிவ்’ என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். புற்றுநோய்தானா? மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை.
– வாசகி, ஒட்டன்சத்திரம்

ப: அந்தச் சீட்டுக்கு அப்படிப் பொருள் இல்லை. வி.ஐ.ஏ. என்பது கர்ப்பப்பை வாயில் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துத் தடவி, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் அடர்த்தியாக, ஓரம் தெளிவாக வெளுக்கும். தொற்றோ அழற்சியோ இருந்தாலும் வெளுக்கும் என்பதால், பாசிட்டிவ் வந்தவர்களில் பலருக்கு மேல்சோதனையில் ஒன்றும் இருக்காது.

முகாமில் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடங்களில். கூட்டம் அதிகமென்று அரை நிமிடத்திலேயே பார்த்துவிடுவது ஒன்று. அதற்குள் வெளுப்பு முழுதாகத் தெரியாது. மற்றது திரவம். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேஷியல் அசிட்டிக் அமிலம் என்று அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நீர்க்காமல் தடவினால் வெந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, இந்த வாரமே சீட்டோடு போங்கள். கால்போஸ்கோப் கருவியில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சந்தேகமிருந்தால் மிளகளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்றால், 100 டிகிரி சூடேறிய முனையை அரை நிமிடம்போல வைத்து அந்தத் திட்டைப் பொசுக்கிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சில வாரம் தண்ணீராகப் படும். ஒரு மாதம் தாம்பத்திய உறவு வேண்டாம். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். திட்டு கர்ப்பப்பை வாயின் உள்ளே நீண்டிருந்தால் இந்த முறை உதவாது, மின்கம்பி வளையத்தால் வெட்டியெடுப்பார்கள்.

உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. வெளுத்தவர்களுக்கு அதே வருகையில் கால்போஸ்கோப்பியும், தேவைப்பட்டோருக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் கிடைத்தது இதற்கு முக்கியமான காரணம். எத்தனை பேரைச் சோதித்தோம் என்று பேனர் கட்டும் முகாம்கள், சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள் என்றும் கணக்கு வைக்கலாம்.

கே: வயது 57, தீட்டு நின்று ஆறு வருடமாகிறது. வி.ஐ.ஏ. சோதனை உங்களுக்குச் சரிவராது என்று செவிலியர் அனுப்பிவிட்டார். தட்டிக் கழிக்கிறாரா?
– வாசகி, கும்பகோணம்

ப: அவர் செய்தது சரி. மாதவிலக்கு நின்றபின், செல்கள் மாறத் தொடங்கும் எல்லைக்கோடு கர்ப்பப்பை வாய்க்குழலுக்குள் ஏறிவிடும்; வெளியே தடவிப் பார்த்து ‘நெகட்டிவ்’ என்றால் நம்ப முடியாது. பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) அல்லது ஹெச்.பி.வி. (இந்தப் புற்றுநோயைத் தரும் வைரஸ்) சோதனை செய்துகொள்ளுங்கள். இடையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முகாமுக்குக் காத்திராமல் நேரே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

கே: மகளுக்கு 12 வயதில் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாயிற்று. பின்னாளில் சோதனை வேண்டுமா?
– வாசகர், சேலம்

ப: வேண்டும். புற்றுநோய் தரும் எல்லா ஹெச்.பி.வி. வகைகளையும் ஊசி தடுக்காது. 30 வயதிலிருந்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை.